ஓசூர் குடோனில் சிக்கிய வீட்டுச் சாமான்

கேள்வி:

வணக்கம் சார். குருகிராமிலிருந்து கோவைக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை வீட்டின் சாமான், கூடவே ஒரு ஸ்கூட்டர். இணையத்தில் பிடித்த ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனம் 350 கன அடி என்று கணக்குப் போட்டு, இன்சூரன்ஸ் 1,500 உட்பட ரூ.38,000, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரூ.6,840, ஆக ரூ.44,840 என்று வாட்ஸ்ஆப்பில் கொட்டேஷன் அனுப்பியது. முன்பணம் 15,000, சாமான் ஏற்றிய அன்று 10,000. இரண்டையும் ஒரு தனிநபர் பெயரிலிருந்த யு.பி.ஐ. கணக்குக்கு அனுப்பினேன். ஏழு நாளில் வந்துவிடும் என்றார்கள். 11 நாள் ஆகிவிட்டது. இப்போது சாமான் ஓசூர் பக்கம் ஒரு குடோனில் இருக்கிறதாம். அளவு 620 கன அடி வந்துவிட்டது, தமிழ்நாட்டு நுழைவு வரியும் கட்ட வேண்டும், ரூ.65,000 அனுப்பினால்தான் வண்டி கிளம்பும் என்கிறார்கள். குடோன் வாடகை நாளுக்கு ரூ.800. மூன்று நாளில் பணம் வராவிட்டால் ஏலம் விட்டுவிடுவோம் என்று குரல் பதிவு வேறு வந்திருக்கிறது. இங்கே காவல் நிலையத்தில் 'இது சிவில் மேட்டர்மா' என்று அனுப்பிவிட்டார்கள். கேட்டதைக் கொடுத்துவிடலாமா? சான்றிதழ், நகை எல்லாம் என்னிடமே இருக்கின்றன. ஸ்கூட்டரை நினைத்தால்தான் கவலை.

- வாசகி, கோவை

பதில்:

இன்றைக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். மூன்று நாளில் ஏலம் என்பது வெறும் மிரட்டல். இப்படிப்பட்ட பேரத்தில் முதலில் கேட்ட தொகையைக் கொடுத்தவர்களிடம் அடுத்து 'லேபர் சார்ஜ்', அதற்கடுத்து 'கோவை டெலிவரி சார்ஜ்' என்று கேட்பதுதான் வழக்கம். பணம் எப்போது, யாரிடம், எந்த இடத்தில் கைமாற வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர்கள் சொல்லும் காரணங்கள் நிற்குமா என்று பார்த்துவிடுவோம். அவை பொய் என்று உங்களுக்கே உறுதியானால்தான் பேச்சில் தடுமாற மாட்டீர்கள்.

கன அடிக் கணக்கை நீங்களே போடலாம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கினால் போதும். 18 அங்குல அட்டைப்பெட்டி ஒன்று 1.5 × 1.5 × 1.5, அதாவது ஏறத்தாழ 3.4 கன அடி. 25 பெட்டி என்றால் 84. இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் பேக்கிங்கோடு 25. மூன்று பேர் உட்காரும் சோபா 50. ஸ்கூட்டர் 50. இரும்பு பீரோ 30. மெத்தையும் பிரித்த கட்டிலும் சேர்ந்து 48. வாஷிங் மெஷின் 14. டி.வி., சாப்பாட்டு மேசை, நாற்காலிகள் எல்லாம் 45. கூட்டிப் பாருங்கள், 350-ஐ ஒட்டித்தான் நிற்கும். 620 என்றால் 17 அடி லாரியில் ஆறடி அகலத்துக்கு, ஆறடி உயரத்துக்கு, முன்னிருந்து பின்கதவு வரை சந்தில்லாமல் அடைத்திருக்க வேண்டும். அப்படி அடைத்தாலும் 612-தான் வரும். ஏற்றிய அன்று லாரியின் பின்பக்கத்தைப் படம் எடுத்திருந்தால் அந்த ஒரு படமே இந்த வாதத்தை முடித்துவிடும். இன்னொன்று: அவர்களே வந்தோ வீடியோவில் பார்த்தோ கணக்கிட்டு, ஒரே தொகை என்று சொல்லி ஏற்றிய பிறகு, அளவு கூடிவிட்டது என்று பாதி வழியில் சொல்ல முடியாது. கூடியிருந்தால் குருகிராமில், பெட்டியை லாரியில் தூக்கி வைக்கும் முன் சொல்லியிருக்க வேண்டும்.

நுழைவு வரி சுத்தப் பொய். 2017 ஜூலை 1 முதல் ஆக்ட்ராய், நுழைவு வரி எல்லாம் ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டன. பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டும் தேவையில்லை, ஜி.எஸ்.டி. விதி 138-இன் கீழ் விலக்குப் பட்டியலிலேயே அது இருக்கிறது. 'செக்போஸ்டில் வண்டியைப் பிடித்துவிட்டார்கள்' என்று அடுத்த போன் வந்தால், அபராத ரசீதின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். வராது.

ஏலத்துக்கு வருவோம். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கென்றே 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி சரக்கு வந்து சேர்ந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று நோட்டீஸ் கொடுத்து, 30 நாள் ஆகியும் நீங்கள் எடுக்காமல் இருந்தால்தான் அது கேட்பாரற்ற சரக்கு. அப்போதும் மறுபடி ஒரு நோட்டீஸ் கொடுத்து 15 நாள் காத்திருக்க வேண்டும். நீங்கள் சரக்கை எடுக்க மறுக்கவில்லை. அவர்கள்தான் கொடுக்க மறுக்கிறார்கள். நாளுக்கு 800 வாடகையும் இதே காரணத்தால் செல்லாது. தானே பிடித்து வைத்துக்கொண்டு அதற்கு வாடகை கேட்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பேசிய கூலியில் பாக்கி இருந்தால், அதைப் பெறும்வரை சரக்கை நிறுத்தி வைக்கலாம். உங்கள் பாக்கி 44,840-இல் 25,000 போக ரூ.19,840. 'அந்தம்மா பாக்கி தரவில்லை, அதனால்தான் வண்டியை நிறுத்தினோம்' என்று நாளைக்குக் காவல் நிலையத்தில் சொல்வதற்காகவே காத்திருப்பார்கள். அதனால் இன்றைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை, பாக்கியைத் தரத் தயார் என்று எழுத்தில் சொல்லிவிடுவது. அப்படிச் சொன்ன நிமிடத்திலிருந்து பிடித்து வைப்பதற்கு அவர்களிடம் நியாயம் எதுவும் மிச்சமில்லை. போனில் சொன்னால் கணக்கில் வராது. வாட்ஸ்ஆப்பிலும் மின்னஞ்சலிலும் இந்த மாதிரி அனுப்புங்கள். நிறுவனம் ஹரியானாவில் என்பதால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கட்டும்:

'இன்ன தேதியில் நீங்கள் அனுப்பிய கொட்டேஷன்படி மொத்தத் தொகை ரூ.44,840. இதுவரை செலுத்தியது ரூ.25,000. மீதி ரூ.19,840-ஐக் கோவை முகவரியில் சாமான் இறங்கும்போது நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தத் தயாராக இருக்கிறேன். இதற்கு மேல் எந்தத் தொகைக்கும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. லாரி எண், எல்.ஆர். (லாரி ரசீது) நகல், குடோனின் முழு முகவரி, குடோன் பொறுப்பாளரின் போன் எண் ஆகியவற்றை 24 மணி நேரத்துக்குள் தர வேண்டும். என் அனுமதியின்றிச் சாமானை விற்பதோ, வேறு இடத்துக்கு மாற்றுவதோ நம்பிக்கை மோசடியாகக் கருதப்பட்டு, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 316(3), 308, 318 ஆகியவற்றின் கீழ் புகார் செய்யப்படும்.'

இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். திட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். இனி அவர்கள் போன் செய்தால் எடுத்து, 'எழுத்தில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லி வையுங்கள். அந்தக் குரல் பதிவு, கொட்டேஷன், யு.பி.ஐ. ரசீதுகள் எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸ்ஆப் உரையாடலை 'எக்ஸ்போர்ட்' செய்து மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அந்த போனையும் விற்றுவிட வேண்டாம். மின்னணு ஆதாரத்தைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கருவி கையில் இருந்தால் அது எளிது.

சாமான் இப்போது யார் கையில்?

இதைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. உங்களிடம் பேசி முன்பணம் வாங்கியவரிடம் சொந்த லாரி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் அவர் ஒரு மேசை, இரண்டு போன், பிரபல நிறுவனத்தின் பெயரோடு ஓர் எழுத்து மாற்றிய ஓர் இணையதளம், அவ்வளவுதான். 'பார்ட் லோடு' என்று சொல்லி உங்கள் சாமானை வேறொரு டிரான்ஸ்போர்ட்டில் போட்டுவிடுவார். ஆக்ரா, நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு என்று நெடுஞ்சாலை 44-இல் இறங்கி வரும் அந்த லாரி, ஓசூரிலோ பெங்களூரிலோ பல வீட்டுச் சாமான்களை ஒரு குடோனில் இறக்கிப் பிரிக்கும். அங்கிருந்து கோவைக்குச் சின்ன வண்டி. இதில் இரண்டு விதமான சிக்கல் வரும். முதல் வகை: புரோக்கர் உங்கள் 25,000-ஐ வாங்கிக்கொண்டு டிரான்ஸ்போர்ட்காரருக்குச் சொற்பம் கொடுத்துவிட்டு மீதியை விழுங்கிவிட்டார். லாரிக்காரருக்குத் தன் கூலி வரவில்லை, அதனால் சரக்கை விடவில்லை. புரோக்கர் தன் ஓட்டையை அடைக்க உங்களிடம் 65,000 கேட்கிறார். இரண்டாம் வகை: புரோக்கர், குடோன், லாரி எல்லாம் ஒரே கூட்டம், குறைந்த விலை சொல்லி ஏற்றுவது, பாதி வழியில் பறிப்பது என்பதே தொழில்.

பேச்சுவார்த்தையில் பலன் கிடைப்பது முதல் வகையில்தான். டிரான்ஸ்போர்ட்காரருக்கு உங்களோடு பகை இல்லை. குடோனில் இடம் அடைத்துக் கிடக்கும் உங்கள் கட்டிலும் பீரோவும் அவருக்குத் தொல்லைதான். குருகிராமில் ஏற்றும்போது லாரி எண்ணைக் குறித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நீங்கள் எடுத்த படத்திலோ, குடியிருப்பின் வாயில் பதிவேட்டிலோ, கண்காணிப்புக் கேமராவிலோ இருக்கும். குடியிருப்புச் சங்கத்துக்கு இன்றே போன் செய்யுங்கள், கேமரா பதிவு அதிக நாள் தங்காது. ஏற்ற வந்த ஆட்கள், டிரைவர் இவர்களில் யாராவது உங்களை அழைத்திருந்தால் அந்த எண்ணும் உங்கள் போனில் இருக்கும். எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எந்த ஆர்.டி.ஓ. பதிவு, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் விவரங்கள் வரும். உரிமையாளர் பெயரை முழுதாகக் காட்டாது, ஆனால் காவல்துறை கேட்டால் முகவரியோடு கிடைக்கும். ஃபாஸ்டேக் கடைசியாக எந்தச் சுங்கச்சாவடியில் அடித்தது என்பதும் அவர்களால் எடுக்க முடியும்.

எல்.ஆர். நகலை வலியுறுத்திக் கேளுங்கள். வடக்கே 'பில்டி' என்பார்கள். மூவர்ஸ் கொடுத்த பில்லும் டிரான்ஸ்போர்ட்டின் எல்.ஆர்.-உம் ஒன்றல்ல, எல்.ஆர்.-இல்தான் உண்மையில் சாமானை ஏற்றிய நிறுவனத்தின் பெயரும் கிளையும் இருக்கும். அதில் உங்கள் சாமானின் கூலி எவ்வளவு, எவ்வளவு பாக்கி என்பதும் எழுதியிருக்கும். அந்தப் பாக்கி 19,840-க்குள் இருந்தால் நேராக அந்த டிரான்ஸ்போர்ட்டிடமே பேசி, அவர்கள் வங்கிக் கணக்கில் கட்டி, ரசீது வாங்கிச் சாமானை எடுத்துவிடுங்கள். புரோக்கரிடம் மீதிக் கணக்கைப் பிறகு தீர்த்துக்கொள்ளலாம். 'நாங்கள் இடையில் இருக்கும் ஏஜென்ட், பொறுப்பில்லை' என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள்: மேலே சொன்ன 2007 சட்டம் சரக்கு புக்கிங் நிறுவனம், ஒப்பந்ததாரர், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரையும் சேர்த்துத்தான் 'பொதுச் சரக்கு ஏற்றுநர்' என்கிறது. பதிவு இல்லாமல் அந்தத் தொழில் செய்யவும் கூடாது. பதிவு எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

பில்லிலோ கொட்டேஷனிலோ 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும். ஹரியானா என்றால் 06-இல் தொடங்க வேண்டும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். சட்டப்படியான பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா, முதன்மை வணிக முகவரி எல்லாம் வந்துவிடும். நோட்டீஸ் அனுப்ப அந்த முகவரிதான் வேண்டும், விளம்பரத்தில் இருக்கும் முகவரி அல்ல. எண் ரத்தாகியிருந்தாலோ வேறு யாருடையதாகவோ இருந்தாலோ, உங்களிடம் வரி என்று பேசிய 6,840 தனிக் குற்றமாகிறது. ஜி.எஸ்.டி. துறைக்கு எழுதப்போகிறேன் என்ற ஒற்றை வரிக்கு இவர்கள் பயப்படுகிற அளவுக்குப் போலீஸுக்குக்கூடப் பயப்படுவதில்லை.

'சிவில் மேட்டர்' என்ற பதில்

நீங்கள் போய், மூவர்ஸ் ஏமாற்றிவிட்டார்கள், அதிகப் பணம் கேட்கிறார்கள் என்று சொல்லியிருப்பீர்கள். அப்படிச் சொன்னால் எந்த நிலைய எழுத்தருக்கும் அது விலைத் தகராறாகத்தான் கேட்கும். புகாரை வேறு விதமாக எழுத வேண்டும். அதில் ஐந்து விஷயங்கள் வரிசையாக வரட்டும்: இன்ன தேதியில் இன்ன பட்டியலில் உள்ள பொருள்களைக் கோவைக்குக் கொண்டு சேர்க்க ஒப்படைத்தேன், பேசிய தொகை இது, பாக்கியைத் தரத் தயார் என்று எழுதிவிட்டேன், இருந்தும் சாமான் இருக்கும் இடத்தை மறைக்கிறார்கள், பணம் தராவிட்டால் விற்றுவிடுவோம் என்று மிரட்டுகிறார்கள், குரல் பதிவு இணைப்பு. ஏற்றிச் செல்ல ஒப்படைத்த பொருளில் சரக்கு ஏற்றுநர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3)-இல் ஏழாண்டு வரை சிறை. மிரட்டிப் பறிப்பது 308. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்றால் 318(4). ஸ்கூட்டரின் பதிவு எண், இன்ஜின் எண், சேஸிஸ் எண் மூன்றையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். கட்டில், மெத்தை என்றால் அசட்டையாகப் பார்ப்பவர்கள்கூட வண்டி எண் என்றதும் நிமிர்ந்து உட்காருவார்கள். காணாமல் போன வண்டி எங்கோ ஒரு குற்றத்தில் சிக்கினால் தங்கள் நிலையத்தில் புகார் கொடுத்தும் எடுக்கவில்லை என்ற பேச்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

சம்பவம் தங்கள் எல்லையில் இல்லை என்று மறுக்கவும் முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி எந்த நிலையத்திலும் புகாரைப் பெற்று முதல் தகவல் அறிக்கை பதிந்து உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும். குறைந்தபட்சம், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் வெளியே வராதீர்கள். அதுவும் கொடுக்காவிட்டால் கோவை மாநகரக் காவல் ஆணையர் அலுவலகத்துக்கோ, நீங்கள் புறநகர் எல்லையில் இருந்தால் மாவட்ட எஸ்.பி.க்கோ தபாலில் அனுப்புங்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் புகார் ஏற்றலாம். குடோன் முகவரி கிடைத்துவிட்டால் கோவையில் மல்லுக்கட்டுவதைவிட ஓசூருக்கே போய்விடுவது மேல். அந்தப் பகுதி நிலையத்தில் சி.எஸ்.ஆர். நகலோடு மனுக் கொடுத்து, ஒரு காவலரை உடன் அனுப்பச் சொல்லுங்கள். பல வழக்குகள் அந்தக் குடோன் வாசலிலேயே முடிந்துவிடும்: காக்கிச் சட்டை வந்து நின்றதும் 620 கன அடி மறுபடியும் 350 ஆகிவிடும். ஆனால் நீங்களாக நான்கு பேரைத் திரட்டிக்கொண்டு போய்ப் பூட்டை உடைப்பது, லாரியை மறிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். எதிர்ப்புகார் ஒன்றை அவர்கள் கையில் நீங்களே கொடுத்ததாகிவிடும்.

நிறுவனமே மாயமாகி, போன் அணைந்து, இணையதளமும் காணாமல் போனால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்; யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கேட்பார்கள். பணம் போய் 11 நாள் ஆகிவிட்டதால் அது திரும்பும் என்று பெரிதாக நம்ப முடியாது, ஆனால் கணக்கு யாருடையது என்பது பதிவாகிவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் ஒரு புகார் போடுங்கள். பெயர் உள்ள நிறுவனம் என்றால் அங்கிருந்து போகும் மின்னஞ்சலுக்குப் பதில் வரும். பெட்டிக்கடை மூவர்ஸ் என்றால் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால்

வரலாம். கைக்குழந்தை, படிக்கிற பிள்ளையின் புத்தகம், வயதானவரின் கட்டில் என்று வீட்டில் நெருக்கடி இருக்கும்போது 'சட்டப்படி போராடுங்கள்' என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். 65,000-ஐ 30,000-க்கு இறக்கிக்கொண்டு வந்தால், பத்தாயிரம் கூடுதலாகப் போனாலும் சாமானை எடுத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கூடுதலைப் பிறகு மீட்கலாம். விற்றுப்போன பீரோவை மீட்க முடியாது. ஆனால் வண்டி உங்கள் தெருவுக்கு வந்து, பின்கதவைத் திறந்து, உங்கள் பெட்டிகளும் ஸ்கூட்டரும் இருப்பதைப் பார்த்த பிறகுதான் முதல் பாதி. எல்லாம் இறங்கிய பிறகு மறுபாதி. இரண்டும் வங்கி வழியாக. ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால் வாங்குபவரின் பெயர், போன் எண், தொகை, கையெழுத்து ஒரு தாளில். அனுப்பும் முன் வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி: 'கொட்டேஷனுக்கு மேலான தொகையை என் ஆட்சேபத்தோடு, சாமானை விடுவிப்பதற்காக மட்டும் செலுத்துகிறேன், திரும்பப் பெறும் உரிமையை விட்டுத்தரவில்லை.' இந்த வரி இல்லாமல் கொடுத்தால், மனமொத்துக் கொடுத்தார் என்பார்கள்.

இறக்கும்போது டெலிவரி தாளில் அவசரமாகக் கையெழுத்து வாங்குவார்கள். அதில் 'நல்ல நிலையில் பெற்றேன்' என்று அச்சடித்திருக்கும். பேக்கிங் பட்டியலைக் கையில் வைத்து எண்ணி, குறைந்ததையும் உடைந்ததையும் அந்தத் தாளிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள்: '7-ஆம் பெட்டி இல்லை, ஃபிரிட்ஜ் கதவு நசுங்கல், மற்ற பெட்டிகள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை.' எழுத விடவில்லை என்றால் கையெழுத்தே போட வேண்டாம், வீடியோ எடுங்கள். குருகிராமில் ஏற்றும்போது தந்த பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். எல்லாப் பொருளுக்கும் எதிரே 'கீறல்', 'பழையது' என்று எழுதிவைப்பது இவர்களின் பழைய வித்தை; பிறகு எது உடைந்தாலும் ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது என்பார்கள். ஏற்றும் முன் வீட்டில் எடுத்த படங்கள் அதற்குப் பதில் சொல்லும்.

இன்சூரன்ஸ் என்று வாங்கிய 1,500 எதற்கு என்று கேட்டிருக்கிறீர்களா? காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண், காப்பீட்டுத் தொகை போட்ட சான்றிதழ் வந்திருந்தால்தான் அது இன்சூரன்ஸ். வரவில்லை என்றால் அவர்களே வைத்துக்கொண்ட பணம். மதிப்பில் மூன்று சதவீதம் என்று வாங்கியிருந்தால், 1,500 என்பது 50,000-க்கான தொகை. அப்படியானால் சாமானின் மதிப்பு 50,000 என்று படிவத்தில் எழுதியிருப்பார்கள். இது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். மேலே சொன்ன 2007 சட்டத்துக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி சரக்கு தொலைந்தாலோ சேதமானாலோ ஏற்றுநரின் பொறுப்பு கூலியைப் போல் பத்து மடங்கு வரை. ஆனால் படிவத்தில் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. இன்சூரன்ஸ் 1,500 போக உங்கள் கூலி 36,500, அதற்குப் பத்து மடங்கு 3,65,000. அறிவித்தது 50,000 என்றால் வரம்பு 50,000-தான். அந்தப் படிவத்தை உங்களிடம் காட்டிக் கையெழுத்து வாங்கவே இல்லை என்றால் அதையும் நோட்டீஸில் எழுதுங்கள். பணம் பறிக்கவென்றே பிடித்து வைத்ததற்கான இழப்பீட்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்று வாதாடவும் இடம் இருக்கிறது.

ஒரு தேதியைத் தவறவிடாதீர்கள். சேதத்துக்கோ இழப்புக்கோ வழக்குப் போடுவதென்றால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். சாமான் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, புக் செய்த நாளிலிருந்து. சமாதானம் பேசுகிறோம், அடுத்த மாதம் தருகிறோம் என்று இழுத்து இந்த 180-ஐத் தாண்ட வைப்பது தெரிந்தவர்கள் செய்கிற வேலை. ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள முகவரி, பில்லில் உள்ள முகவரி, எல்.ஆர்.-இல் உள்ள டிரான்ஸ்போர்ட் முகவரி மூன்றுக்கும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் வைத்திருங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கு குருகிராம் போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார் செய்பவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. பில்லின் பின்னால் 'டெல்லி நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது' என்று பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டு தயங்க வேண்டாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். இரண்டாண்டுக் காலக்கெடு உண்டு. புரோக்கர், டிரான்ஸ்போர்ட், பணம் போன கணக்கின் உரிமையாளர் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். சாமான் இன்னும் வரவில்லை என்றால் புகாரோடு ஓர் இடைக்கால மனுவும் போட்டு, 'பாக்கி 19,840-ஐ ஆணையத்தில் கட்டிவிடுகிறேன், சாமானை விடுவிக்க உத்தரவிடுங்கள்' என்று கேளுங்கள். அதற்கும் சில வாரம் ஆகும், ஆகவே காவல்துறை வழியை நிறுத்திவிட்டு இதற்காகக் காத்திருக்கக் கூடாது. கூடுதலாகப் பறித்த தொகை, சேதம், சாமான் இல்லாத நாள்களில் ஓட்டலுக்கும் வாடகைப் பொருளுக்கும் ஆன செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் ரசீதோடு கேட்கலாம். உத்தரவை மதிக்காதவர்களுக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, ரூ.25,000-க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமிருக்கிறது. மேசையும் போனும் மட்டும் வைத்திருப்பவரிடம் பணமாக வசூலிப்பது கடினம்தான். டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தையும் சேர்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

கூகுளில் விமர்சனம் எழுதுவதாக இருந்தால் சாமான் வந்த பிறகு எழுதுங்கள், தேதியும் தொகையும் மட்டும். இப்போது எழுதினால் அதை நீக்குவதும் பேரத்தில் ஒரு பொருளாகிவிடும்.

ஸ்கூட்டருக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. உங்கள் பாலிசி வெறும் மூன்றாம் நபர் காப்பீடாக இல்லாமல் முழுக் காப்பீடாக இருந்தால், வண்டி சாலை வழியாகவோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் வழக்கமாக அதற்குள் அடங்கும். பாலிசித் தாளில் அந்த வாசகத்தைத் தேடுங்கள். அதனால் மூவர்ஸிடம் சண்டை முடியட்டும் என்று காத்திராமல், வண்டி வந்த அன்றே படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயரை வரச்சொல்லுங்கள். அவர் பார்க்கும் முன் பழுது பார்க்கக் கொடுக்காதீர்கள். வரவே இல்லை என்றால் முதல் தகவல் அறிக்கையின் நகல் அவர்களுக்கும் வேண்டும், புகாரில் வண்டி எண்ணைத் தனியாக எழுதச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஆர்.சி.யும் சாவியும் உங்களிடமே இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றும்போது ஒரு சாவியை அவர்களிடம் கொடுத்திருந்தால், வண்டி வந்ததும் பூட்டை மாற்றிவிடுங்கள். ஹரியானா பதிவு என்பதால் 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதற்கு மறுபதிவு தேவை, அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.